சதை போட்ட பட்டினி

கொழும்பு
12.1.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

டோரீன் எழுதுகிறேன். நீங்கள் அறைந்த கன்னம் ஆறிவிட்டது. நீங்கள் சொன்ன வார்த்தை ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்மசுக்கு வந்து மூன்று கிழமை தோட்டத்து லயத்தில் நம் வீட்டில் இருந்தேன். அந்த மூன்று கிழமையும் நான் தனிப்பாயில் படுத்தேனா, துணி அலசிக் காயப்போட்டேனா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். கடைசியில், "எத்தனை மாசம்டி?" என்று கேட்டீர்கள். "நாலு மாசம்மா" என்று வராமல் இருந்த கணக்கை உள்ளபடி சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேச நீங்கள் விடவில்லை. தங்கச்சி பிலோமினா அழ அழ என் பையைத் தூக்கி வாசலில் எறிந்தீர்கள்.

அம்மா, என் வயிற்றில் பிள்ளை இல்லை. எந்த ஆணும் என்னைத் தொட்டதில்லை.

நான் உங்களிடம் மறைத்தது வேறு. மாலினி மிஸ்ஸிடம் வேலை என்று சொன்னேன், என்ன வேலை என்று சொல்லவில்லை. மிஸ் ஓர் உடற்பயிற்சி நிலையம் நடத்துகிறார். அங்கே கூட்டித் துடைப்பது என் வேலை. பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை அங்கே பெண்கள் மட்டும் வருவார்கள். ஒருநாள் தரை துடைப்பதற்காக இரும்புத் தட்டுகளைத் தூக்கி ஓரமாக வைத்தேன். இரண்டு பேர் சேர்ந்து இழுக்கிற தட்டுகள் அவை. மிஸ் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "நங்கி, இதெல்லாம் நீ எங்க படிச்ச?" என்று சிங்களத்தில் கேட்டார். தங்கச்சி என்பதை அவர்கள் நங்கி என்பார்கள். தோட்டத்தில் என்றேன்.

அன்று தொடங்கி இரண்டு வருஷமாகப் பயிற்சி செய்கிறேன். வருகிற ஏப்ரலில் பெண்களுக்கு உடற்கட்டுப் போட்டி இருக்கிறது. அதற்காக மிஸ் ஓர் உணவுப் பட்டியல் தந்திருக்கிறார். எண்ணெய், தேங்காய் ஒன்றும் கூடாது. சோறு கொஞ்சம்தான். இப்படிச் சாப்பிட்டு இந்த அளவு பயிற்சி செய்தால் மாதாமாதம் வருவது நின்றுபோகும் என்று டாக்டர் அம்மா சொல்கிறார். இங்கே வருகிற இன்னும் இரண்டு பேருக்கும் இப்படித்தான்.

லயத்துத் தண்ணீர்ப் பீலியில் குளிக்கும்போது அம்மாக்கண்ணு அக்கா என் தோளைப் பார்த்து, "ஏண்டி, கொழும்புல சம்பளத்துக்குப் பதிலா ஆம்பளத் தோளைக் குடுத்து அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நம்புங்கள் அம்மா.

டோரீன்


சேசு மரி சூசை துணை

பொகவந்தலாவை
27.1.1986

மகள் டோரீனுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதத்தை நான் மட்டும்தான் படித்தேன். பிலோமினாவிடம் கொடுக்கவில்லை. படித்துவிட்டு அடுப்பில் போட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். கருவாடு சுற்றி வந்த பேப்பரை விரித்து வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவள். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்து ஒரு கதை எழுதியிருக்கிறாய். இரும்பு தூக்கினால் பெண்ணுக்கு மாதாமாதம் வருவது நிற்குமா? முப்பத்தொரு வருஷமாக நான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, வயிற்றில் உன்னையும் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். எனக்கு நின்றதா? எனக்குத் தோள் வந்ததா? வேலை செய்கிற உடம்பு தேயும். உன் உடம்பு வளர்ந்திருக்கிறது. நன்றாகத் தின்றுவிட்டு, இல்லாதவள் போல எழுதாதே.

போட்டி என்று எழுதியிருக்கிறாய். என்ன உடுத்திக்கொண்டு நிற்பாய் என்று எழுதவில்லை. நம் லயத்துச் சண்முகவடிவின் மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். லீவுக்கு வந்திருந்த அவனிடம் பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டேன். "அதெல்லாம் ஒரு சாண் துணியோட மேடையில நிப்பாங்க பெரியம்மா, எண்ணெயப் பூசிக்கிட்டு" என்றான். உன் அப்பா செத்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. அவர் இருந்திருந்தால் உனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

எனக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறாள். பிலோமினாவைக் கீழ்ப் பிரிவு இராசம்மா தன் மகன் சூசைரட்ணத்துக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறாள். ஃபெக்டரியில் வேலை செய்கிற பையன். குடிக்க மாட்டான். உன்னால் அது கெட்டுப்போனால் நான் உன்னை மன்னிக்க மாட்டேன்.

ஒன்று சொல்கிறேன். அவன் யார் என்று எழுது. எந்தச் சாதியாக இருந்தாலும், சிங்களவனாக இருந்தாலும், சாமியார் காலில் விழுந்து முடித்துவைக்கிறேன். அப்படி ஒருவன் இல்லை என்பது உண்மையானால், அந்த இரும்பை விட்டுவிட்டு மனுஷி மாதிரிச் சாப்பிடு. மாதாமாதம் வருவது வரட்டும். வந்த பிறகு எழுது. அப்போது நம்புகிறேன்.

அந்தோனியம்மா


கொழும்பு
9.2.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

போட்டிக்கு வரவில்லை என்று மிஸ்ஸிடம் இன்று சொல்லிவிட்டேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "யாருக்காக?" என்று கேட்டார். அம்மாவுக்காக என்றேன். "இங்க வர்ற ஒவ்வொருத்திக்கும் ஒரு ஆள் இருக்கு நங்கி" என்று மட்டும் சொன்னார். உண்மைதான் அம்மா. பேங்கில் வேலை செய்கிற ஒருத்தி புருஷனுக்குத் தெரியாமல் வருகிறாள். நெஞ்சு கல்லாகிப் போய் பிள்ளைக்குப் பால் வராது என்று மாமியார் சொன்னாளாம். இன்னொருத்திக்கு மீசை முளைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் தினமும் கண்ணாடியில் மேலுதட்டைப் பார்க்கிறாள். நாங்கள் கேலி செய்வோம், அவளும் சிரிப்பாள். ஆனால் மறுநாளும் பார்ப்பாள்.

உங்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. கோபப்படாமல் படியுங்கள். தோட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை நிறுப்பார்கள். கொழுந்தை நிறுத்து எழுதுவார்கள். அதைச் சுமந்து வந்தவளை யாராவது ஏறிட்டுப் பார்த்திருக்கிறார்களா? இங்கே சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. நான் எவ்வளவு தூக்கினேன் என்று என் பெயருக்கு நேரே எழுதுவார்கள். துடைக்கிற வேலையும் எனக்குத்தான் என்பதால் அந்தப் பலகையை நான்தான் துடைக்க வேண்டும். என் வரியை மட்டும் கடைசியாகத் துடைப்பேன்.

இனி அது வேண்டாம். நன்றாகச் சாப்பிடுகிறேன். நீங்கள் நம்பினால் போதும்.

டோரீன்


கொழும்பு
18.5.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

வந்துவிட்டது அம்மா!

நேற்றுக் காலை. கையில் துடைப்பத்தோடு குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். வயதுக்கு வந்த அன்றுகூட நான் இப்படி அழுததில்லை. அன்று நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்தீர்கள் என்பது நினைவுக்கு வந்தது.

மூன்று மாதமாக இதற்குத்தான் காத்திருந்தேன். எதை எதையோ சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் சொதி, நெத்தலிப் பொரியல், எல்லாம். அப்படியும் வராததால் பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னபடி எள்ளும் கருப்பட்டியும் இடித்துக் காலையில் வெறும் வயிற்றில் ஓர் உருண்டை. மிஸ் வீட்டில் பப்பாளி காய்த்துக் கொட்டுகிறது. அதுவும் தினமும். சூடு உடம்பில் ஏறினால் வரும் என்றார்கள். வந்துவிட்டது.

போட்டி ஏப்ரலில் முடிந்தது. நான் திரைக்குப் பின்னால் நின்று மற்றவர்களுக்குத் துவாய் எடுத்துக் கொடுத்தேன். மேடை வெளிச்சத்தில் உடம்பின் கட்டு தெரிய வேண்டும் என்று எல்லாரும் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டார்கள். பேங்க்காரிக்கு நான்தான் முதுகில் பூசிவிட்டேன். "உனக்கு இது தேவையே இல்லையேடி, கொடுத்துவைத்தவள்" என்றாள். நான் கறுப்பாகப் பிறந்தேன் என்று நீங்கள் எத்தனை மஞ்சள் தேய்த்தீர்கள்!

பிலோமினாவின் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்றா? எனக்கு எழுதுங்கள். அவளுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன். ஊதா நிறம்.

உங்கள் மகள்
டோரீன்


பொகவந்தலாவை
1.6.1986

டோரீனுக்கு,

எள்ளு, கருப்பட்டி, பப்பாளி. வெறும் வயிற்றில்.

உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். லயத்தில் எந்தப் பெண் எதற்காக அதைத் தின்பாள் என்று எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஒரு ஆச்சி எள்ளும் கருப்பட்டியும் இடித்துக் கொடுத்தாள் என்றால், அவளும் எதற்கென்று தெரிந்துதான் கொடுத்திருக்கிறாள்.

மாதாமாதம் வருவது வந்தால் நம்புகிறேன் என்று நான் எழுதியது என் மடத்தனம். வழி நானே காட்டிவிட்டேன். பிள்ளை இருந்தால் வராது. பிள்ளையை இல்லாமல் ஆக்கினால் வரும். அதுதான் வந்திருக்கிறது. அதற்குச் சந்தோஷப்பட்டு எழுதுகிறாய். ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறாய்.

பெற்றிருந்தால்கூட நான் வளர்த்திருப்பேன். ஊர் வாயை மூட எனக்குத் தெரியும். நீ கொன்றுவிட்டாய்.

பிலோமினாவின் கல்யாணம் ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் திகதி. நீ வரக்கூடாது. இனித் தோட்டத்து விலாசத்துக்கு எழுதாதே. கட்டாயம் எழுதத்தான் வேண்டுமென்றால் பஜாரில் செல்லசாமி கடைக்கு எழுது. உறையில் உன் பெயர் இருக்கக்கூடாது. காரணம் கேட்காதே.

அந்தோனியம்மா


ஹட்டன்
23.8.1986

அம்மாவுக்கு,

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் பையை வைத்து அதன்மேல் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரக்கூடாது என்றீர்கள். வந்தேன். கோவிலுக்குள் வர நினைக்கவில்லை. வெளியே ஓர் ஓரமாக நின்று பிலோமினா மணப்பெண்ணாக இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு, சேலையை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று வந்தேன். பொகவந்தலாவையில் இறங்கிச் செல்லசாமி அண்ணன் கடைக்குப் போனேன். அவர் பாண் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டார்.

"யாரு... மரியரட்ணம் மகளா?"

"ஆமாண்ணே. டோரீன்."

"நீ... ஒன்னயப் பொதைச்சிட்டாங்கன்னாங்களே புள்ள. கொழும்புலயே பொதைச்சிட்டாங்கன்னு ஒங்கம்மா சொல்லிச்சே."

நான் சிரித்தேன் அம்மா. அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் மாவு மூட்டைமேல் உட்கார வைத்தார். தேநீர் கொடுத்தார். "இன்னைக்குக் கலியாணம் புள்ள. இப்ப நீ அங்க போய் நின்னா அந்தப் பொண்ணுக்கு வாழ்க்கை இல்ல" என்று கெஞ்சினார். கோவில் மணி கேட்டது. நான் மூட்டைமேலேயே உட்கார்ந்திருந்தேன். தலையில் முக்காடு போட்டு அடுத்த பஸ்ஸில் அவரே ஏற்றிவிட்டார். சேலை அவரிடம் இருக்கிறது.

நான் எப்போது செத்தேன்? என்ன நோய் வருத்தம் வந்து செத்தேன்? அதையாவது சொல்லுங்கள்.

டோரீன்


பொகவந்தலாவை
14.9.1986

டோரீனுக்கு,

கேட்டிருக்கிறாய், சொல்கிறேன். எனக்குப் பயமில்லை.

மே மாதம் முப்பதாம் திகதி உன் கடிதம் வந்தது. மறுநாள் மாலை இராசம்மா நாள் குறிக்க வந்தாள். நல்ல மனுஷிதான். அவள் கேட்டது நியாயமான கேள்வி. "மூத்த புள்ளைக்கு முடிக்காம எளையதுக்கு முடிச்சா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்களே. மூத்தது எங்க இருக்கு, என்ன செய்யுது?" என்றாள். உன் கடிதம் என் இடுப்பில் இருந்தது. நான் என்ன சொல்லட்டும்? மேடையில் உடம்பைக் காட்டப் பார்த்தாள் என்றா? வயிற்றைக் கழுவிக்கொண்டாள் என்றா?

"செத்துப் போச்சு" என்றேன். "காய்ச்சல். கன்னியாஸ்திரிகள் அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. இன்னைக்குத்தான் கடிதாசி வந்துச்சு."

பொழுது சாய்வதற்குள் லயம் முழுவதும் என் காம்பராவில் இருந்தது. அம்மாக்கண்ணு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "அந்தத் தோளப் பாத்து கேலி பண்ணினேனே, ஏ வாயில மண்ணள்ளிப் போட" என்று அழுதாள். பிலோமினா மயங்கி விழுந்தாள். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். உயிரோடு இருப்பவளுக்கு எப்படி அழுவது?

மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனேன். போகும் வழியில்தான் உனக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டேன்.

தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஒரு மகளை வாழவைத்திருக்கிறேன். நீ உன் இஷ்டப்படி போனவள். சேலையைச் செல்லசாமி கொண்டுவந்து தந்தார். நான் எடுத்து வைத்தது என்று சொல்லிப் பிலோமினாவிடம் கொடுத்தேன். உடுத்துகிறாள்.

அந்தோனியம்மா


கொழும்பு
3.5.1987

அம்மாவுக்கு,

எட்டு மாதமாக எழுதவில்லை. உங்களை நம்பவைக்க இனிமேல் எழுதப் போவதில்லை. நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எனக்கு வேறு யாரும் இல்லை.

கொழும்புக்குத் திரும்பி வந்த மறுநாளே மிஸ்ஸிடம் போய், தொடங்கலாம் என்றேன். செத்தவளை யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

போன கிழமை போட்டி. நின்றேன். மூன்றாவதாக வந்தேன்.

கடைசி இரண்டு மாதமும் முட்டை வெள்ளைக்கரு, உப்பில்லாத அவித்த மீன், ஒரு கைப்பிடி அவரைக்காய். கடைசி ஒரு கிழமை அதிலும் பாதி. மேடை ஏறுவதற்கு ஒன்றரை நாளைக்கு முன்பிருந்து தண்ணீரும் கிடையாது. தோலுக்கும் சதைக்கும் நடுவே ஈரம் இருக்கக்கூடாதாம். அப்போதுதான் சதையின் வரி தெரியுமாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாண் வாசனை வந்தாலே கண்ணீர் வரும். இரவில் சோறு கனவில் வரும். கனவிலும் சாப்பிட மாட்டேன், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. ஏப்ரல் மாசத்துக் கொழும்பு வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கினேன். மாதாமாதம் வருவது டிசம்பரிலேயே நின்றுவிட்டது.

பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. மேடையில் நின்றபோது முன்வரிசையில் ஒருவன், "நல்லாத் தின்னு கொழுத்திருக்கிறாளே" என்று தமிழிலேயே சொன்னான். கால் நடுங்காமல் நிற்பதுதான் அந்த நேரத்தில் என் ஒரே வேலையாக இருந்தது.

முதலாவதாக வந்தவளைவிட எனக்குக் கட்டு அதிகம் என்று மிஸ் சண்டை போட்டார். நடுவர் ஒருவர் சொன்னாராம், "அதுதான் பிரச்சினை. தோள் பெண்ணுடையதாக இல்லை." முஷ்டி பிடிக்க வேண்டாம், கையை விரித்துச் சிரியுங்கள் என்று எங்கள் எல்லாருக்கும் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நான் சிரிக்க மறந்துவிட்டேன். தோட்டத்தில் ஆம்பளைத் தோள் என்றார்கள். இங்கேயும் அதையேதான் சொல்கிறார்கள்.

இறங்கி வந்து ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்தேன். அந்தத் தண்ணீரை உயிருள்ளவரை மறக்க மாட்டேன்.

பிலோமினா சுகமாக இருக்கிறாளா?

டோரீன்


பொகவந்தலாவை
7.6.1987

என் மகளே,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. எழுத உட்கார்ந்தும் எழுத முடியவில்லை. இன்று எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

எழுபத்து நாலாம் வருஷம் உனக்குப் பதினொரு வயது. மாவும் இல்லை, அரிசியும் இல்லை. மலையில் வேலையும் பாதி. மரவள்ளியும் சேம்பிலையும் வல்லாரையும் தின்றோம். பிறகு அதுவும் கிடைக்கவில்லை. உன் தம்பி றோலண்ட் கைக்குழந்தை. என் பால் வற்றிவிட்டது. எட்டாம் மாதம் என் மடியிலேயே போனான். நீதான் ஓடிப்போய் அப்பாவைக் கூட்டி வந்தாய்.

அந்த வருஷம் நம் லயத்தில் ஒருத்தியும் தனிப்பாயில் படுக்கவில்லை. நான் கைக்குழந்தைக்காரி, என்னை விடு. அம்மாக்கண்ணு, சண்முகவடிவு, நேற்று வயதுக்கு வந்த பிள்ளைகள் வரை ஒருத்திக்கும் வரவில்லை. மருத்துவிச்சி காளியாயி ஒவ்வொரு காம்பராவாகப் பார்த்துவிட்டு, "வகுறு காஞ்சா அதுவும் காஞ்சு போகும், போங்கடி" என்றாள். எனக்கு முன்னால் நின்றுதான் சொன்னாள். நான் கேட்டேன். பதின்மூன்று வருஷமாக எனக்குத் தெரியும்.

தெரிந்த நான்தான் உன்னை அடித்தேன்.

அந்த வருஷம் எந்தப் பெண்ணையும் யாரும் சந்தேகப்படவில்லை. எல்லாருடைய எலும்பும் தெரிந்தது. உன் எலும்பு தெரியவில்லை. தோளும் தொடையுமாக நின்றாய். இவ்வளவு சதை இருக்கிறவளுக்குப் பட்டினி எங்கிருந்து வரும் என்று நினைத்தேன். சதை போட்டுக்கொண்டே ஒருத்தி பட்டினி கிடக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொன்னாய். நான் அடுப்பில் போட்டேன்.

எனக்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். சோறு இல்லாமல் ஒரு பிள்ளையைப் புதைத்தவள் நான். சோறு முன்னால் இருக்கும்போது நீ தின்னாமல் கிடந்தாய். அதை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் நீ சொல்லாத பொய்யை உன்மேல் சுமத்தியது நான். பிள்ளையே இல்லாதவளைப் பிள்ளையைக் கொன்றவள் என்றேன். உன்னை உயிரோடு புதைத்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவிலுக்குள்ளேயே எழுந்து நின்று சொல்லப் போகிறேன். என் மகள் டோரீன் உயிரோடு இருக்கிறாள், நான் பொய் சொன்னேன் என்று. இராசம்மா கேட்கட்டும், சாமியார் கேட்கட்டும். யார் துப்பினாலும் துடைத்துக்கொள்வேன். பிலோமினாவுக்கு இது ஐந்தாம் மாதம். பிள்ளை பிறக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

நான் ஒன்றை முடிவு செய்தால் மாற்ற மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

அம்மா


கொழும்பு
10.6.1987

அம்மா,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. இது ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உங்கள் கையில் கிடைக்க வேண்டும். செல்லசாமி அண்ணனுக்கும் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறேன், வந்த கையோடு லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி.

சொல்லாதீர்கள்.

நீங்கள் நம்பிவிட்டீர்கள். ஒன்றரை வருஷமாக நான் கேட்டது அது ஒன்றைத்தான். கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிலையத்தைக் கூட்டினேன். வீட்டுக்கு வரவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதினால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அதனால் எழுதவில்லை.

யோசித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கிறவளைச் செத்தவள் என்று சொல்லிப் பெண் கொடுத்தார்கள் என்றால், அந்த வீட்டில் பிலோமினாவை யார் நம்புவார்கள்? ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பார்கள். நீங்கள் காரணம் சொல்ல வேண்டிவரும். எள்ளும் பப்பாளியும் வரும். மேடை வரும். பட்டினியால் நின்றது என்று சொன்னால், உங்களைப் போலவே அவர்களும் என் தோளைப் பார்ப்பார்கள். உங்களுக்குப் புரிய எவ்வளவு காலம் ஆயிற்று? நீங்கள் என்னைப் பெற்றவர்.

வயிற்றுப்பிள்ளைக்காரியை இதற்குள் இழுக்க வேண்டாம். அவளிடமும் சொல்லாதீர்கள். அவளால் ஒளிக்க முடியாது.

உங்கள் பிடிவாதத்தை எனக்காக ஒரே ஒருமுறை விடுங்கள் அம்மா. நான் இப்படியே இருந்துவிடுகிறேன்.

டோரீன்


பொகவந்தலாவை
3.11.1987

என் மகள் டோரீனுக்கு,

அன்று சனிக்கிழமை மாலை செல்லசாமி மழையில் நனைந்துகொண்டு உன் கடிதத்தைக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். எழுந்து நிற்கவில்லை. வாழ்நாளில் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் நான் திரும்பி வந்தது அன்றுதான்.

பிலோமினாவுக்குப் பெண்பிள்ளை. ஒக்டோபர் ஒன்பதாம் திகதி. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளை நல்ல கறுப்பு. யாரும் மஞ்சள் தேய்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுக் கல்லறைத் திருநாள். உன் அப்பாவின் பெயரையும் றோலண்டின் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தேன். சாமியார் சவக்காலையில் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார். மரியரட்ணம் என்றார். றோலண்ட் என்றார். அடுத்து டோரீன் என்றார்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். இராசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னாள். "சம்மந்தி, மனசு நொந்து போயி மூத்தவ பேர எழுதாம விட்டுட்டீங்கன்னு தெரியும். நானே உபதேசியார்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். அதுக்குன்னு கும்புட யாரு இருக்கா?" அவள் கண்ணில் தண்ணீர். ஒரு குறையும் சொல்ல முடியாத மனுஷி. நான் அவளுக்கு நன்றி சொன்னேன்.

"இவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்" என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மாக்கண்ணு வேறு சாமி கும்பிடுகிறவள், உனக்காக வந்து நின்று அவளும் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிலோமினா உன் ஊதாச் சேலையை உடுத்தியிருந்தாள். உனக்குக் குழி இல்லாததால் உனக்கான மெழுகுதிரியை அப்பாவின் குழியில் ஏற்றிவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "அக்கா, ஒன்னய ஒரு தடவ வந்து பாக்கலியே அக்கா" என்று அழுதாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. நேரம் போகப் போக அழுகை கூடியது. பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். சூசைரட்ணம் தூக்கப் பார்த்தான், எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

அந்த அழுகையை நிறுத்த என்னிடம் ஒரு சொல் இருந்தது. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பனிக்குள் சவக்காலைக்கு வெளியே போய் நின்றேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இனி என்னிடம் எதையும் கேட்காதே. என்னால் முடியாது.

சாப்பிடு.

உன் அம்மா